குடியை விடுகிற ஆட்களின் உடல்வலுவை எதைக்கொண்டு அளப்பது?

குளக்கட்டான் (கிளிநொச்சி), ஞாயிறு இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். இரணைமடுப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு காலையில் ஏழு பேர் கூடுகிறோம். குடியை விட்டவர்கள், விடப் பார்ப்பவர்கள், விட்டுவிட்டேன் என்று சொல்லிப் பின்வேலியால் தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்குப் போகிறவர்கள், எல்லாம் கலந்துதான். நான் பழைய விளையாட்டு ஆசிரியர். சும்மா கதைத்துக்கொண்டிருந்தால் இவர்களுக்கு அலுத்துவிடுகிறது. உடம்பு தேறுவதை இலக்கமாகக் காட்டினால் தொடர்ந்து வருவார்கள் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு, பள்ளிக்கூடத்தில் செய்வது போலப் படி ஏறி இறங்கும் சோதனை வைத்தேன். மண்டபத்துத் திண்ணைதான் படி. மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும், பிறகு இருத்தி நாடி பிடிப்பேன். நாடி குறைவென்றால் உடம்பு நல்ல நிலை. முடிவைக் கேளுங்கள். முதலாவதாக வந்தவர், படலை வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும் 54 வயது மனிதர். அவருக்கு நாடி 84. கடைசியாக வந்தவன் 31 வயதுப் பொடியன், எங்கள் ஊர்க் கரப்பந்தாட்ட அணியில் அடித்து ஆடுகிறவன். அவனுக்கு 158. தொடங்க முதலே 112 இருந்தது.

நான் எண்ணியது பிழையா, சோதனையே பிழையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன் பொடியன், ஞாயிறு இரவு 8.55

சேர், அந்த 54 வயதுக்காரரை மாவட்ட அணிக்கு எடுங்கோ 😄

முழங்கால் (வவுனியா, இயன்மருத்துவர்), ஞாயிறு இரவு 9.10

சேர், இரண்டு கேள்வி. மூத்தவர் என்ன குளிசை போடுகிறார்? பொடியன் கடைசியாக எப்போது குடித்தான்?

குளக்கட்டான், திங்கள் மாலை 6.15

இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். மூத்தவர் சட்டைப்பைக்குள் இருந்து எடுத்துக் காட்டினார், புரொப்ரனோலோல். கைநடுக்கத்துக்குக் கிளினிக்கில் கொடுத்ததாம். பொடியன் கடைசியாகக் குடித்தது வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு. நான் சோதனை வைத்தது ஞாயிறு காலை ஏழு மணிக்கு. நாங்கள் சொன்னோம் என்று ஒரே அடியாக நிறுத்தியிருக்கிறான்.

இன்னொன்றையும் தாய் இப்போதுதான் சொன்னார். சோதனைக்கு அடுத்த நாள், போன திங்கள் இரவு, பாய்க்குள் பூரான் ஊர்கிறது என்று விடிய விடியப் பாயைத் தூக்கி உதறிக்கொண்டிருந்தானாம். செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நான்கு நாள் வைத்திருந்து விட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

முழங்கால், திங்கள் இரவு 10.05

அவன் வீடு வந்து சேர்ந்தது பெரிய விசயம். முதலில் அதைச் சொல்லிவிட்டு இலக்கத்துக்கு வருகிறேன்.

தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள். அறிவு தடுமாறி, இல்லாததைக் காண்கிற நிலை 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள். வெள்ளி இரவு ஒன்பதிலிருந்து ஞாயிறு காலை ஏழு வரை 34 மணித்தியாலம். திங்கள் நள்ளிரவு என்றால் 75. கணக்குப் பாருங்கோ. நீங்கள் அவனைத் திண்ணையில் ஏற்றி இறக்கியது வலிப்பு வரக்கூடிய நேரத்துக்குள். அந்த 112 அவனுடைய உடற்தகுதியைச் சொல்லவே இல்லை. மதுவை நிறுத்தியதால் நரம்பு போட்ட கூச்சல் அது.

மூத்தவர் கதை இதற்கு நேர் எதிர். புரொப்ரனோலோல் இதயத்தை ஓடவிடாமல் பிடித்து வைக்கும். ஈரல் கெட்டு, உணவுக்குழாய் நாளங்கள் வீங்கியவர்களுக்கும் இதைக் கொடுப்பார்கள். அதனால் நம்முடைய ஆட்களில் இந்தக் குளிசை போடுகிறவர்கள் கனபேர். நாடியை வைத்து உடற்தகுதியைக் கணக்கிடுகிற சோதனைகள் எல்லாம், உழைப்பு கூடக் கூட நாடியும் ஒழுங்காகக் கூடும் என்று நம்பித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. படிச் சோதனையும் அப்படித்தான், 1954இல் வந்த ஆஸ்ட்ராண்ட் சைக்கிள் சோதனையும் அப்படித்தான். உழைப்பையும் நாடியையும் இணைக்கிற கயிற்றை ஒருவருக்கு மருந்து கட்டி வைத்திருக்கிறது, மற்றவருக்கு நடுக்கம் அறுத்துவிட்டது. இரண்டு பேரையும் ஒரே அட்டவணையில் போட்டால் நீங்கள் கண்ட முடிவுதான் வரும்.

இனிச் செய்ய வேண்டியது: நிறுத்தப் போகிறவர் முதலில் வைத்தியரிடம் போக வேண்டும், தயமின் என்கிற விற்றமின் பி1 உட்பட மருந்து எடுக்க வேண்டும். நடுக்கம் அடங்கி, வைத்தியரும் சரி என்ற பிறகுதான் அளவு. நான் இரண்டு கிழமை விடுவேன். அதுவும் நாடியால் வேண்டாம்: கயிறு போட்டு ஆறு நிமிட நடை, கதிரையில் இருந்து எழும்பும் சோதனை, இரண்டும் போதும்.

கரைவலை (முல்லைத்தீவு), செவ்வாய் காலை 5.50

எனக்கு இந்த அளவு விளையாட்டில் நம்பிக்கை இல்லை. என் மாமாவுக்கு 58. முப்பது வருடமாகக் குடி. இன்றைக்கும் கரைவலை இழுக்கும்போது கயிற்றில் முன்னுக்கு நிற்பது அவர்தான், இருபது வயதுப் பொடியள் பின்னால் வாய் பிளந்துகொண்டு நிற்பார்கள். அவரைக் கதிரையில் இருத்தி எழுப்பி என்னத்தை அளக்கப் போகிறீர்கள்?

முழங்கால், செவ்வாய் பகல் 1.20

தம்பி, கயிற்றில் நிற்கிற மாமாவைப் பார்க்கிறீர்கள். கயிற்றை விட்டு விலகிப்போன மற்றவர்கள் உங்கள் கண்ணில் படுவதில்லை, அவர்கள் இப்போது கரைக்கே வருவதில்லை.

நீண்டகாலம் அதிகமாகக் குடிக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தசை தேய்கிறது. தொடையும் தோளும்தான் முதலில் போகும். சட்டென்று விசை கொடுக்கிற வகைத் தசைநார்தான் கூடுதலாக மெலியும். அதனால் நாள் முழுக்கப் பழகிய வேலையைச் செய்வார், ஆனால் குந்தியிருந்து எழும்பும்போது கை ஊன்றுவார். மாமா சாப்பிட்டு எழும்புவதை ஒருநாள் பாருங்கள். நிலத்தில் கை வைக்கிறாரா, துடையில் கை வைக்கிறாரா, எதுவும் வைக்காமல் எழும்புகிறாரா? கருவி ஏதும் வேண்டாம்.

பிறகு கால். செருப்புக் கழன்று விழுந்தது தெரியாமல் நடக்கிறாரா என்று பாருங்கள். பாத நரம்பு கெட்டால் அப்படி நடக்கும். முள் ஏறினாலும் தெரியாது.

கரைவலை, செவ்வாய் இரவு 9.30

செருப்புக் கதை எப்படி உங்களுக்குத் தெரியும்? போன மாரியில் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து, மற்றதை நாய் கொண்டுபோய்விட்டது என்று மாமியோடு சண்டை பிடித்தவர்.

ஒற்றைச்செருப்பு (புதுக்குடியிருப்பு), செவ்வாய் இரவு 9.48

என் பெயரை இழுக்கிறீர்கள் என்றுதான் வந்தேன் 🙂

குளக்கட்டான், புதன் இரவு 7.30

சரி, நாடியை விட்டுவிட்டேன். முழங்கால் சொன்னபடி கயிறும் கதிரையும் எடுத்தேன். செய்த விதத்தை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

ஆறு நிமிட நடை. மைதானத்தில் 30 மீற்றர் கயிறு போட்டு, இரண்டு முனையிலும் தார் தகரம் வைத்தேன். ஓடக்கூடாது, நடக்க வேண்டும். களைத்தால் நின்று மூச்சு வாங்கலாம், மணிக்கூடு நிற்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பேணிக்குள் போடுகிறேன். போய்த் திரும்பினால் 60 மீற்றர். முடிவில் நிற்கிற இடத்தை நாடாவால் அளந்து கூட்ட வேண்டும். என்னைப்போலப் பக்கத்தில் நின்று விசிலடித்து உற்சாகப்படுத்துவது கூடாதாம், எல்லாருக்கும் ஒரே வார்த்தை, நிமிடத்துக்கு ஒருமுறை. ஆசிரியப் புத்தி, வாய் பொத்திக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது.

கதிரைச் சோதனை 30 செக்கன். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்கிறார் என்று எண்ண வேண்டும். கதிரை உயரம் 43 சென்ரிமீற்றர். மண்டபத்துப் பிளாஸ்ரிக் கதிரை சரிவராது, கால் விரிகிறது. பள்ளிக்கூட மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டி வைத்தோம்.

முதல் நாளே ஒரு சிக்கல். வெயிலுக்கு முதல் செய்ய வேண்டும் என்று காலை 6.30 வைத்தால், இன்னும் குடிக்கிற இரண்டு பேருக்கும் அதுதான் மோசமான நேரம், கை உதறுகிறது. பின்னேரம் வைத்தால் ஒரு மூடியாவது போட்டுவிட்டு வருகிறார்கள். என்ன செய்வது?

முழங்கால், புதன் இரவு 10.40

குடிக்கிறவரை அளக்க வேண்டாம். நடுங்கினால் அன்றைக்கு அளவு இல்லை, மது மணம் அடித்தால் அன்றைக்கும் அளவு இல்லை. தேத்தண்ணி கொடுத்து இருத்துங்கோ, திருப்பி அனுப்ப வேண்டாம். மற்றவர்களுக்குக் காலை 6.30 என்றால் எப்போதும் அதே நேரம், அதே கதிரை, அதே செருப்பு.

நடக்கவிட முதல் இருத்தி வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல், இரத்த அழுத்தம் 180க்கு 100ஐத் தாண்டியது, ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால் நடக்கவே விட வேண்டாம். நாடி தாறுமாறாகத் துள்ளினாலும் அப்படித்தான். குடியால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடுவதும், இதயத் தசை தளர்ந்து வீங்குவதும் உண்டு. இப்போது விளங்குகிறதா, நாடியை இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம், பாதுகாப்புக்கு எடுக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாரையும் இரண்டு தரம் நடக்கவிடுங்கள், வேறு வேறு நாளில். இரண்டாம் முறை தானாகவே கொஞ்சம் கூடும். உடம்பு தேறியது என்று அர்த்தமில்லை, திரும்புகிற இடம் பழகிவிட்டது. இரண்டாவதைத்தான் தொடக்க அளவாக எழுதுங்கள்.

கிணற்றடி (ஒட்டுசுட்டான்), வியாழன் பகல் 11.15

நான் எழுதலாமோ தெரியாது, என் வீட்டுக்காரர்தான் குடிக்கிறவர். ஒருவரும் நிறையைப் பற்றிக் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் அவர் குடியைக் குறைத்தார். மூன்று மாதத்தில் நிறை 6 கிலோ கூடியது. கிளினிக்கில் தராசில் ஏற்றிவிட்டு, நல்லா வந்திட்டார் அம்மா என்று சொன்னார்கள். நானும் முருங்கையிலையும் முட்டையுமாகக் கொடுத்ததுதான் பிடித்திருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். சாரம் கட்டும்போது வயிறு முட்டுகிறது என்றார், சாப்பாடு கூடிவிட்டது என்று பகிடி பண்ணினேன். பிறகு வேறு ஒரு வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்த்துத்தான் தண்ணி என்றார். ஊசியால் எடுத்தது மட்டும் ஐந்து லீற்றர். தண்ணி போன பிறகு பார்த்தால் கை இரண்டும் விறகுக் கட்டை மாதிரி.

அன்றிலிருந்து தராசை நம்புவதில்லை. சட்டை தைக்கிற நாடாவால் அவருடைய மேற்கையைச் சுற்றி அளக்கிறேன், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மாதம் ஒருமுறை. 22.5 சென்ரிமீற்றரில் தொடங்கி இப்போது 24. இது சரியா என்று கேட்கத்தான் வந்தேன்.

முழங்கால், வியாழன் பகல் 12.02

அக்கா, இங்கே எழுதின எல்லாரிலும் சரியாக அளந்தது நீங்கள்தான். நிறையும் உயரமும் வைத்துப் போடுகிற கணக்குக்கு வயிற்றுத் தண்ணியும் கால் வீக்கமும் தசையும் ஒன்று. மேற்கையில் தண்ணி அவ்வளவு தேங்காது. ஒரே கை, ஒரே இடம், கை தளர்ந்து தொங்க வேண்டும். அவர் கிளினிக் போகும்போது கையால் இறுக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசிய நாட்டவர்க்கு 2019இல் போட்ட எல்லைப்படி ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழே என்றால் பிடி வலு குறைவு. நாடாவும் அந்தக் கருவியும் சேர்ந்தால் தராசு வேண்டாம்.

பனிக்காட்டான் (ஸ்டொக்ஹோம்), வியாழன் இரவு 11.50

இங்கே குடியால் பாதிக்கப்பட்ட 140 பேரை வைத்து 12 கிழமை ஆய்வு ஒன்று செய்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு யோகா, ஒரு குழுவுக்கு வழமையான சிகிச்சை. மூன்று குழுவிலும் குடி குறைந்தது, உடற்பயிற்சிக் குழு மட்டும் தனியாக முந்தவில்லை. அதற்கு முதல் 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். பயிற்சியால் உடற்தகுதி ஏறுகிறது, மனச்சோர்வு குறைகிறது, குடிக்கிற அளவு பெரிதாக அசையவில்லை.

அதனால் குளக்கட்டான் அண்ணை, மீற்றர் கூடினால் குடி குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

குளக்கட்டான், வெள்ளி காலை 6.05

அதைத்தான் இன்று கேட்க இருந்தேன். எங்கள் நிர்வாகத்தில் ஒருவர், இலக்கங்களை அறிவித்தல் பலகையில் போடுவோம் என்கிறார். மீற்றர் குறைந்தவர் திரும்பக் குடித்திருக்கிறார் என்று பிடித்துவிடலாமாம்.

பழைய தவறணை (மல்லாவி), வெள்ளி காலை 6.40

பலகையில் போட்டால் அடுத்த ஞாயிறு நீங்களும் தார் தகரமும்தான் நிற்பீர்கள்.

நான் கடைசியாகக் குடித்து 2 வருடம் 4 மாதம். விட்ட புதிதில் ஒரு கேள்வித்தாள் தந்தார்கள், பத்துக் கேள்வி, உலக சுகாதார நிறுவனத்தினுடையது. 40க்கு எனக்கு 31. இருபதோ அதற்கு மேலோ என்றால் அடிமைப்பட்டிருக்கலாம் என்று அர்த்தமாம். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் யார் கிளாஸில் எண்ணுகிறார்கள்? கால் போத்தில், அரைப் போத்தில், கள்ளுக்கு ஓலைப் பிளா, அவ்வளவுதான் கணக்கு. அந்தத் தாதிதான் விளங்கப்படுத்தினார்: அரைப் போத்தில் சாராயம் என்றால் 375 மில்லிலீற்றர், அதற்குள் கிட்டத்தட்ட 100 கிராம் சுத்த மது, அதாவது பத்து அலகு. ஒரு போத்தில் கள்ளு மூன்று அலகு போல வரும். கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற கசிப்புக்குக் கணக்கே இல்லை, காய்ச்சினவனுக்கே தெரியாது. பத்து அலகு என்று கேட்ட அன்றைக்கு நான் அழுதேன். அந்த இலக்கத்தை அவர் எனக்கு மட்டும்தான் சொன்னார். பலகையில் போட்டிருந்தால் அழுதிருக்க மாட்டேன், தவறணைக்குப் போயிருப்பேன்.

மீற்றர் எதனாலும் குறையும். டெங்கு வந்தாலும் குறையும், நெல்லு வெட்டு முடிந்த கிழமையும் குறையும், மனுசியோடு சண்டை என்றாலும் குறையும்.

ஒற்றைச்செருப்பு, வெள்ளி காலை 9.25

பழைய தவறணை சொன்னதோடு என்னுடையதையும் சேருங்கள். எனக்கு 2009இல் வலது கால் முழங்காலுக்கு மேலே போனது. இப்போது ஜெய்ப்பூர்க் கால் என்கிற பொய்க்கால். இரவில் இல்லாத கால் எரியும், அதை அடக்கத்தான் குடிக்கத் தொடங்கினேன். அதை யாருக்கும் நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கதிரைச் சோதனையில் நான் ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும். ஆறு நிமிட நடையில், பொய்க்காலோடு நடக்க உங்களைவிட எனக்கு எவ்வளவோ கூடச் செலவாகிறது. நான் வந்தால் எந்தப் பலகையிலும் கடைசிதான். வன்னியில் என்னைப்போல எத்தனை பேர், அவர்களை எதில் அளப்பீர்கள்?

முழங்கால், வெள்ளி பகல் 1.45

அண்ணை, உங்களை உங்களோடு மட்டும்தான். அதே கால், அதே உறை, அதே பாதணி. நடை வேண்டும், மீற்றர் மட்டும் எழுதுவோம், எந்த அட்டவணையும் பார்க்க மாட்டோம். கதிரை வேண்டாம். கைப்பிடி வலு அளக்கலாம். உடம்பு மெலிந்தாலோ வீங்கினாலோ பொய்க்கால் பிடிப்பு மாறும், அதனால் நடக்க முதல் துண்டிக்கப்பட்ட காலின் முனையில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புண் இருந்தால் அன்றைக்கு அளவே இல்லை.

சமநிலைக்கு ஒரு சோதனை சொல்கிறேன், இரண்டு காலும் உள்ளவர்களுக்கு. நேர்கோட்டில் ஒரு காலின் விரலை ஒட்டி மற்றக் காலின் குதியை வைத்துப் பத்து அடி நடப்பது. சிறுமூளை குடியால் பாதிக்கப்பட்டிருந்தால் வெறி இல்லாத நாளிலும் தள்ளாடும். நம்முடைய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை, வரம்பில் நடக்கிறது மாதிரி என்றால் போதும். முன்பு வரம்பில் உரமூட்டை சுமந்தவர் இப்போது வயலுக்குள் இறங்கி நடக்கிறார் என்றால் அவர் உடம்பு ஏற்கெனவே சோதனை எழுதி முடித்துவிட்டது.

குளக்கட்டான், ஏழு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு காலை 9.30

பலகை இல்லை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி, அது அவரிடமே இருக்கும். நான் இலக்கத்தைச் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். காட்டுவதும் மறைப்பதும் அவர் விருப்பம். காட்டிய இருவரின் கணக்கைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

புரொப்ரனோலோல் மூத்தவர் முதல் தரம் 312 மீற்றர், இரண்டாம் தரம் 331. இன்று 374. கதிரையில் 8 இலிருந்து 11. 60 முதல் 64 வயது ஆண்களுக்கே 14க்குக் கீழே என்றால் குறைவு என்று அமெரிக்க அட்டவணை சொல்கிறதாம், அதை நான் அவரிடம் சொல்லவில்லை. எழும்பும்போது துடையில் கை வைக்கப் போனவர், இடையில் நினைவு வந்து கையைத் திரும்ப நெஞ்சில் கட்டியதைப் பார்த்தேன்.

பொடியன் இன்று 590. இரண்டு தரம் குடித்திருக்கிறான், அவனே சொன்னான். மீற்றரில் அது தெரியவே இல்லை, பனிக்காட்டான் சொன்னது சரி.

ஒற்றைச்செருப்பு வந்தார். இலக்கத்தைக் கேட்க வேண்டாம் என்றார்.

கரைவலை, ஞாயிறு காலை 10.10

மாமா நேற்று நிலத்தில் கை ஊன்றித்தான் எழும்பினார், இரண்டு கையும். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். எங்கே அந்தக் கயிறு கட்டுகிறார்கள் என்று கேட்கிறார். ஆனால் இன்னும் குடிக்கிறார், தினமும். பஸ்ஸில் வந்தால் ஏழரை ஆகும்.

குளக்கட்டான், ஞாயிறு காலை 10.25

முதலில் கிளினிக். இந்தப் பிழையை இன்னொரு தரம் செய்ய மாட்டேன். தானாக நிறுத்த வேண்டாம் என்று மாமிக்கும் சொல்லிவையுங்கள். அதுவரை ஞாயிறுகளில் வந்து தேத்தண்ணி குடிக்கட்டும். அளக்கிற நாள் வந்தால் அவருக்கு ஏழரைதான், பிறகு நேரம் மாற்ற மாட்டேன். பின்வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கோ.